ஷாக் அடிக்காமலேயே பழுதாகும் இசியு

காரை விட்டு இறங்கிக் கதவைத் தொட்டதும் விரல் நுனியில் சுருக்கென்கிறதே, அந்த நிலைமின்சாரத்தை நாம் உணர்வதற்கே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். இசியுவுக்குள், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினிக்குள் இருக்கும் சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டே அதிகம். "எனக்கு ஷாக் அடிக்கவில்லையே" என்ற நம்பிக்கையில் அதன் சர்க்யூட் போர்டை வெறுங்கையால் எடுப்பதைத்தான் முதல் தவறு என்பேன்.

அடிபட்ட சிப்பு அன்றே செத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. பல சமயம் அரைகுறை உயிரோடு வண்டியில் ஏறிவிடும். சில வாரங்கள் கழித்து எஞ்சின் திடீர் திடீரென்று நிற்கும். சென்சாரை மாற்றுவார்கள், வயரிங்கைப் பிரிப்பார்கள், வண்டிக்காரரின் பணம் கரையும். போர்டைத் தொட்ட கை யாருக்கும் நினைவுக்கு வராது.

போர்டைத் தொடுவதற்கு முன் காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். பெயின்ட்டின் மேல் கை வைத்தால் பயனில்லை, அது மின்சாரத்தைக் கடத்தாது. சுவரில் இருக்கும் எர்த்தைத் தொட்டுவிட்டு வருவதும் போதாது. டயர்மேல் நிற்கும் கார் வேறொரு மின்னழுத்தத்தில் இருக்கலாம். நீங்களும் காரும் சமமாக வேண்டும். உடம்பின் மின்னூட்டத்தை வயர் வழியே வெளியேற்றும் மணிக்கட்டுப் பட்டை இருந்தால் அதன் கிளிப்பை பாடியின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். பட்டைக்குப் பதிலாக வெறும் வயரைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். பட்டையில் இருக்கும் 1 மெகாஓம் மின்தடை உங்கள் உயிருக்கான காவல். சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் உலோகத்தைத் தொடுங்கள். துணி உரசியதிலேயே உடம்பில் புதிதாக மின்னூட்டம் ஏறியிருக்கும்.

புதிய பாகம் நிலைமின்சாரத்தைத் தடுக்கும் வெள்ளி நிறப் பையில் வந்தால், மாட்டும் நேரம் வரை அதிலேயே இருக்கட்டும். கழற்றிய போர்டைத் தெர்மாகோலில் வைப்பதும் சாதாரண பாலித்தீனில் சுற்றுவதும் எனக்குப் பொறுக்காத பழக்கங்கள். சில பாகங்களைச் சுற்றிவரும் இளஞ்சிவப்புப் பை தானாக மின்னூட்டம் உண்டாக்காது, ஆனால் வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்காது. கனெக்டர் பின்களை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது.

சென்னைப் புழுக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். ஈரப்பதம் மின்னூட்டத்தைக் குறைக்கும், ஒழிக்காது. ஏசி அறையில் காற்று உலர்ந்துதான் இருக்கும்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் துளியும் சமரசம் வேண்டாம். பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். பிறகு உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். ஏர்பேக் கனெக்டரைக் கழற்றியதும் உள்ளிருக்கும் சிறு கிளிப் இரண்டு பின்களையும் இணைத்து, தப்பிவரும் மின்சாரம் ஏர்பேக்கை விரிக்கும் வெடிமருந்தை எட்டாமல் தடுக்கும். அங்கே மல்டிமீட்டர் முனையை நுழைத்து ஓம் பார்ப்பவர்களை நான் உடனே தடுத்து நிறுத்திவிடுவேன்.