ஐரிஷ் பெயரடைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் 'நல்ல பெண்', 'நல்ல பிள்ளைகள்' என்னும்போது 'நல்ல' மாறாது. 'அவள் நல்லவள்', 'அவர்கள் நல்லவர்கள்' என்று பயனிலையாகும்போது மாறும். ஐரிஷ் மொழியில் இது நேர் எதிர். நமக்கு வரும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். 'ஃபார் மோர்' பெரிய ஆள். பெண்பால் ஒருமைக்குப் பின் முதலெழுத்து மென்மையாகி, 'பான் வோர்' பெரிய பெண். எழுதும்போது எம் எழுத்தை அடுத்து ஹெச் சேரும், ஒலி வகரமாகும். உயிரெழுத்திலோ எல், என், ஆர் எழுத்திலோ தொடங்கினால் ஹெச் சேராது: இளம்பெண் 'பான் ஓக்'.

பயனிலையில் இவை எதுவும் வேண்டாம். 'அந்தப் பெண் பெரியவள்' என்பது 'தா அன் வான் மோர்'. 'அன்' என்ற சுட்டு பெயரைத்தான் மாற்றியது. 'மோர்' அப்படியே நிற்கிறது. பன்மையிலும் 'தா ந ஃபிர் மோர்' (அந்த ஆண்கள் பெரியவர்கள்) என்றே வரும். இங்கே பன்மை வடிவமான 'வோரா' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை.

பாலைப் பொருளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறுமியைக் குறிக்கும் 'கலீன்' இலக்கணப்படி ஆண்பால். அதனால் 'கலீன் பெக்' (சின்னச் சிறுமி) என்பதே சரி, 'கலீன் வெக்' தவறு.

பன்மையில் பெயரடை பெரும்பாலும் ஏ (a) அல்லது இ (e) எழுத்தை ஈறாக ஏற்கும். முதலெழுத்து மென்மையாவதைப் பால் தீர்மானிப்பதில்லை, பெயரின் பன்மை ஈறுதான் தீர்மானிக்கிறது. பெயர் மெய்யில் முடிந்து, அதற்கு முன் ஐ (i) எழுத்து இருந்தால் மென்மையாகும்: 'ஃபிர் வோரா', பெரிய ஆண்கள். உயிரில் முடிந்தால் ஆகாது: 'ம்னா மோரா', பெரிய பெண்கள். எண்ணோடு வந்தால் இன்னொரு சிக்கல். 'ட்ரீ லௌர் வோரா', மூன்று பெரிய புத்தகங்கள்: பெயர் ஒருமை, பெயரடை பன்மை, அதுவும் மென்மையாகி.

ஆறாம் வேற்றுமை ஒருமையில் எல்லாம் தலைகீழ். ஆண்பாலில் மென்மையாகும் ('அன் இர் வோர்', பெரிய ஆளின்), பெண்பாலில் ஆகாது ('ந ம்னா மோரெ', பெரிய பெண்ணின்).

ஒப்பீட்டுக்கு 'நீஸ்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் மட்டும் போதாது, வடிவமும் மாற வேண்டும். வெள்ளையைக் குறிக்கும் 'பான்' (பெண்ணைக் குறிக்கும் 'பான்' வேறு சொல்), 'நீஸ் பானெ' ஆகும். அன்றாடம் புழங்கும் சொற்களே விதிக்கு அடங்காதவை: மோர் (பெரிய), மோ ஆகும்; பெக் (சிறிய), லூ ஆகும்; ஒல்க் (கெட்ட), மசா ஆகும். இறந்தகால வாக்கியத்தை 1958இல் வெளியான அரசுத் தரநடைப்படி எழுதினால் 'நீஸ்' போய் 'நீ பா' வரும். அதன்பின் முதலெழுத்தும் மென்மையாகும்: 'நீ பா வோ'.