அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் டயரைத் தடவிப் பாருங்கள்

“உள்பக்கம் கம்பி தெரியுது சார்” என்று கோவில்பட்டியில் பஞ்சர் கடைப் பையன் சொன்னபோது நான் நம்பவில்லை. தினமும் காலையில் காரை எடுக்கும்போது பார்க்கிற டயர்தான் அது. வெளிப்பக்கம் பட்டன் எல்லாம் நன்றாகவே இருந்தது. அவன் கழற்றி உருட்டிக் காட்டினான். உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் மொட்டை, அதில் ஓரிடத்தில் எஃகுக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த டயரில்தான் முதல் நாள் நான்குவழிச் சாலையில் நூறில் வந்திருக்கிறேன்.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. திருநெல்வேலியில் வீடு, தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி, நாகர்கோவில் என்று மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டராவது ஓடும். அந்த வருடம் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வது) செய்யாமலும் இல்லை, இரண்டு முறை செய்திருந்தேன். இரண்டு முறையும் யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. பிறகு தெரிந்தது, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது அளவு சரியாகவே காட்டும். ஓடும்போதும் பிரேக் போடும்போதும் அந்த ஆர்ம் நகர, சக்கரம் திசை மாறி, டயர் தேயும். அன்றிலிருந்து, முதலில் டயர், அப்புறம் அடிப்பகுதி, கடைசியில்தான் அலைன்மென்ட் மெஷின்.

டயரைப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்துவிடுங்கள். முன் டயரின் முழு அகலமும் வெளியே தெரியும். பின் டயருக்குச் செல்போனைக் கேமராவோடு உள்ளே நீட்டிப் படம் எடுத்தால் போதும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், தேய்மான அடையாளம். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். உள் ஓரம் மட்டும் சமமாகியிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நன்றாக இருந்தால் காற்று குறைவு. இந்த இரண்டுக்கும் அலைன்மென்ட்டுக்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு காற்று என்று பங்க்கில் கேட்காதீர்கள், அவர்கள் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைப்பார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ளதுதான் கணக்கு. டயர் சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும்.

ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் அல்லது டோ. நம் காலை வைத்தே இதைச் சொல்லலாம். நிற்கும்போது கால் செங்குத்தாக இல்லாமல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது கேம்பர். பாதங்கள் இரண்டும் நேராகப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்ப்பதும், விலகிப் பார்ப்பதும் டோ. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது உள்ளங்கை. டயரின் மேல் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, மெதுவாகத் தடவுங்கள். (கம்பி தெரிகிற டயரில் கை வைக்காதீர்கள், கிழித்துவிடும்.) மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுவழுப்பாகவும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கும் அல்லவா? டயரும் அப்படி இருந்தால் டோ தவறு. உள்ளிருந்து வெளியே தடவும்போது உறுத்தினால் சக்கரங்கள் அளவுக்கு மேல் உள்நோக்கி இருக்கின்றன. வெளியிலிருந்து உள்ளே உறுத்தினால் வெளிநோக்கி. செதில் இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் வழுவழுவென்று சரிந்திருந்தால் கேம்பர் மேல் சந்தேகப்படலாம்.

டோ கொஞ்சம் தவறினால் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்தவன்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயரின் விட்டம் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். முன் டயர்கள் இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அவற்றின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் அளந்தால் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை. அப்படியானால் ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் ஒவ்வொரு டயரும் இரண்டரை மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்பினால் சுமார் 160 கிலோமீட்டர். 400 மீட்டர் தூரம் டயரைத் தார்ச் சாலையில் வைத்துச் சுரண்டியதற்குச் சமம்.

அங்கங்கே குழிகுழியாக, அலை போலத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது பேலன்சிங் (சக்கரத்தைச் சுற்றிலும் எடை சமமாக இருப்பது) இல்லை. அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. எண்பதுக்கு மேல் போகும்போது ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பேலன்சிங் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று சோதிக்க இடம் முக்கியம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சோதிக்காதீர்கள். காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று உங்கள் வண்டியையும் தள்ளும். அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே போய்விட்டு, மறுநாள் அலைன்மென்ட் கடையில் போய் நின்ற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் இடப்பக்கம் சரிவாக இருக்கும், அதனால் வண்டி மெல்ல இடப்பக்கம் போவது இயல்புதான். சமமான சாலையில், காற்றில்லாத நேரத்தில், இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடுங்கள் (பக்கவாட்டில் அம்புக்குறி உள்ள டயராக இல்லாவிட்டால்). இழுப்பு பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

அடுத்தது ஜாக்கி. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, முன் சக்கரத்தை ஒரு சாண் தூக்குங்கள். ஜாக்கி நழுவினாலும் தாங்கும்படி ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். நீங்கள் அடியில் போகாதீர்கள். சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிகிறதா? ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் ராக் தேய்ந்திருக்கிறது. மேலும் கீழும் பிடித்து ஆட்டம் தெரிந்தால் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் பால் ஜாயின்ட் அல்லது சக்கரத்தின் பேரிங். புஷ் கிழிந்திருப்பது இப்படித் தெரியாது. மெக்கானிக் நெம்புகோல் வைத்து நெம்பித்தான் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

இனி கடை. காற்றைச் சரிபார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். சக்கரத்தில் பலகைகளை மாட்டியதும் வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுவார்கள்; ரிம்மில் உள்ள சிறு வளைவைக் கணக்கில் எடுக்க அது தேவை, அவசரத்தில் தவிர்க்க விடாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்ட வேண்டும். டை ராடை ஒரு பக்கம் மட்டும் திருகி டோவைச் சரிசெய்தால் மெஷின் திரையில் எண்கள் பச்சையாகிவிடும், ஆனால் நேர்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அப்படி வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேலைக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் கேம்பர் சிவப்பில் இருந்தால் கவனம். நம் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் திருகிச் சரிசெய்ய முடிவது முன்சக்கர டோ மட்டும்தான். “டோ போட்டாச்சு சார், கேம்பர் அவ்வளவுதான் வரும்” என்றால் ஆர்மோ, ஷாக் அப்சார்பர் உள்ள ஸ்டிரட்டோ சாலைப் பள்ளத்தில் விழுந்து வளைந்திருக்க வாய்ப்புண்டு. அதைப் பாருங்கள். கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் கோணம்) டயரை அதிகம் தேய்க்காது. இரண்டு பக்கமும் வேறுபட்டால் வண்டியை இழுக்கும்.

டயர்களை இடம் மாற்றிப் போடும் சுற்றை நான் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்கிறேன். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் டயர்கள் நேராகப் பின்னுக்கு, பின் டயர்கள் குறுக்காக முன்னுக்கு. அம்புக்குறி உள்ளவை அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும்.

டயர்ப் பள்ளத்தின் ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி டாஷ்போர்டில் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து, டாக்டர்களைப் பார்த்த விவரம் எழுதுகிற டைரியின் கடைசிப் பக்கத்தில் குறிப்பேன். போன மாதம் இடது முன் டயர் 5.8, 6.0, 5.9 மில்லிமீட்டர். புஷ் மாற்றி எட்டு மாதம் ஆகிறது.