நண்பன் மேல் விழும் சந்தேகம்: சுயாதீனக் குற்றப் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய முதலீடு இல்லாமல் முதல் படம் எடுக்க முனைபவர்களுக்கு, ஒரு கொலை, நான்கு நண்பர்கள், அவர்களுள் ஒருவர் மேல் விழும் சந்தேகம் என்ற கதைக்களம் நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் இத்தகைய படங்களின் மிகப் பெரிய தவறு படப்பிடிப்புக்கு வெகு முன்பே, திரைக்கதை எழுதும்போதே நேர்ந்துவிடுகிறது. கொலையாளி யார் என்பதைக் கடைசிக் காட்சி வரை மறைக்க வேண்டும் என்ற கவலையில், அந்த நட்பைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவற்றையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள். யாரென்றே தெரியாத இருவர் பிரிந்தால் நமக்கு வலிக்காது.

நட்பைக் காட்ட டீக்கடைச் சிரிப்பும் பைக் பயணப் பாட்டும் போதும் என்று நினைப்பதும் இதே தவறுதான். பின்னால் சாட்சியமாக மாறக்கூடிய பழக்கங்களைக் கொண்டு நட்பைக் கட்ட வேண்டும். நண்பனின் வண்டிச் சாவியைக் கேட்காமலே எடுத்துச் செல்வது முதல் பத்து நிமிடத்தில் உரிமை. கொலைக்குப் பின், அதே வண்டி அந்த இரவில் சுங்கச்சாவடிக் கேமராவில் பதிவாகியிருந்தால் அது குற்றத்தின் தடயம். நண்பனின் கைப்பேசியைத் திறக்கும் எண் தெரிந்திருப்பது, அவன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பது, தினமும் பலமுறை பேசிக்கொள்வது ஆகிய ஒவ்வொன்றையும் விசாரணை அதிகாரி வேறு கண்ணால் பார்ப்பார். இப்படி எழுதினால் சந்தேகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்க வேண்டியதில்லை.

அடுத்த தவறு சட்டத்தில் நேர்கிறது. வெளிநாட்டுத் தொடர்களின் பழக்கத்தில், நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டுவதாகக் காட்டுகிறார்கள். நம் நீதிமன்றங்களில் சுத்தியலும் இல்லை, குற்ற வழக்குகளில் ஜூரியும் இல்லை. கதை நடக்கும் ஆண்டையும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவு. அன்றிலிருந்து நடந்தது என்றால், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். விசாரணையில் போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடுவதில்லை.

இவற்றைவிடக் கதையின் உயிரையே பாதிக்கும் பிழை ஒன்று உண்டு. அடி தாங்காமல் நண்பன் காவல் நிலையத்தில் ஒப்புக்கொள்கிறான், அதை வைத்தே தண்டனை கிடைக்கிறது என்று எழுதுவதுதான் அது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிரான சாட்சியமாகச் செல்லாது. அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குக் காரணமான பகுதியை மட்டும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-வது பிரிவு ஏற்கிறது. இந்த விதி தடையல்ல, நல்ல காட்சிக்கான வாய்ப்பு. விலங்கிட்ட நண்பன் பாழுங்கிணற்றைக் கைகாட்டுகிறான். கத்தி வெளியே வருகிறது. கண்டெடுத்ததைப் பதிவு செய்யும் மகஜரில் கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கையெழுத்திடுகிறார். கத்தி அங்கே இருப்பது அவனுக்குத் தெரியும் என்பது மட்டுமே இப்போது உறுதி. அவனே வீசினானா, வீசியவன் வந்து சொன்னானா, மறைந்து நின்று பார்த்தானா என்பது உறுதியில்லை. கூட்டத்தில் நிற்கும் இன்னொரு நண்பனின் முகத்தில் கேமரா நிற்க வேண்டிய இடம் இதுதான்.

இறந்தவருடன் கடைசியாகக் காணப்பட்டவர் மேல் முதலில் சந்தேகம் விழுவதும் இப்படிப்பட்டதே. அதை மட்டும் வைத்துத் தண்டிக்க நீதிமன்றங்கள் தயங்கும். ஆனால் ஊர் தயங்காது. நண்பர்களுள் ஒருவனை அப்ரூவராக, அதாவது குற்றத்தில் தொடர்பிருந்தும் அரசுத் தரப்புச் சாட்சியாக, மாற்றுவது அதைவிடக் கூர்மையான வழி. அறிந்ததை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்வதாக ஒப்புக்கொண்டால் அவனுக்கு மன்னிப்பு வழங்கச் சட்டம் இடம் தருகிறது. எனினும், ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால், வழக்கு முடியும்வரை அவன் சிறையில்தான் இருக்க வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுகிறானா, மனம் பொறுக்காமல் பேசுகிறானா என்ற கேள்வியைத் திரைக்கதை அவசரப்பட்டுத் தீர்த்துவிடக் கூடாது. தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டதாக முடிப்பதும் தவறே. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவன், இறந்தவனின் தாய் இருக்கும் அதே தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

படப்பிடிப்பில் ஒளிப்பதிவுக்குச் செலவிட்டுவிட்டு ஒலியைக் கைவிடுவது பரவலான தவறு. இவ்வகைப் படம் பேச்சிலும் மௌனத்திலும் நடப்பது. சீலிங் ஃபேனை அணைக்காமல் லைவ் சவுண்ட் எடுத்தால் அந்த ஒலி கெட்டு டப்பிங் செய்ய நேரும்; டப்பிங் தியேட்டரில் அதே நடுக்கத்தை நடிகர் மீண்டும் கொண்டுவருவது கடினம். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத அறை ஒலியை அரை நிமிடமாவது பதிவு செய்யுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் இரவுக் காட்சி எடுக்கும்போது ஷட்டரை 1/50 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் படம் மினுக்காமல் இருக்கும். பணம் சேரும்போதெல்லாம் எடுக்கும் படம் என்றால் தாடி, தழும்பு, காயம் ஆகியவை காட்சிக்குக் காட்சி பொருந்துவதை, அதாவது கண்டினியூட்டியை, ஒருவர் மட்டுமே பொறுப்பேற்றுப் புகைப்படங்களோடு குறித்து வர வேண்டும்.

நண்பர்களே தயாரிப்பாளர்களாக இருக்கும் படங்களில் யாருக்கு எத்தனை பங்கு, பதிப்புரிமை யாருடையது என்பதை முதல் நாள் கால்ஷீட்டுக்கு முன்பே எழுத்தில் வைத்துவிடுவது நட்புக்குச் செய்யும் மரியாதை. உண்மை வழக்கைத் தழுவினால், பெயரை மட்டும் மாற்றுவது போதாது. ஆளை அடையாளம் காட்டும் ஊர், தொழில், குடும்ப விவரங்களையும் மாற்றி, வழக்கறிஞர் ஒருவரிடம் திரைக்கதையைப் படிக்கக் கொடுங்கள்.

தணிக்கையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் விலை கொடுக்க வைக்கும். 2024 விதிகளின்படி யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ‘ஏ’ பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப இயலாது என்பதால் சிறிய படத்துக்கு வருமானம் ஈட்டும் ஒரு வழி அடைபடுகிறது. நண்பர்கள் பேசும் வசைச்சொற்கள் உங்கள் கதைக்குத் தேவைதான் என்றால் அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் அதே இடத்தில், அதே நடிகர்களை வைத்து, அதே கோபத்தோடு மாற்று வசனத்தையும் ஒரு டேக் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.