விதை நெல் மூட்டையில் டேக் கட்டி இடம் கண்டுபிடிப்பது எப்படி

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதால், அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே டெல்டாவின் விதைக் குடோன்களில் மூட்டைகள் ஓட்டமாய் ஓடும். களத்திலிருந்து சுத்திகரிப்பு மெஷினுக்கு, அங்கிருந்து அட்டிக்கு (மூட்டை அடுக்குக்கு), அட்டியிலிருந்து வண்டிக்கு. ஏடிடி 43, ஏடிடி 45 என்ற இரண்டு நெல் ரகமும் ஒரே மாதிரி சாக்கில் அடுத்தடுத்த அட்டியில் கிடக்கும். ஒரு மூட்டை இடம் மாறிவிட்டால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் கலப்பாகிவிடும், அதுவும் கதிர் வந்த பிறகுதான் அந்த விவசாயிக்குத் தெரியும். பாரம்பரிய ரகம் என்றால் இன்னும் மோசம், மாப்பிள்ளைச் சம்பாவில் வேறு ஏதாவது கலந்தால் பல வருடம் காப்பாற்றிய சுத்தம் போய்விடும். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை என்று கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் அந்த அட்டையைக் கையில் பிடித்துப் படித்தால்தான் மூட்டை இன்னதென்று தெரியும். மூட்டை நகரும்போதே அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஆர்எஃப்ஐடி டேக் வேண்டும், அதாவது ரேடியோ அலையால் தள்ளி நின்றே படிக்கக்கூடிய சின்ன அடையாளச் சீட்டு.

திருச்சி - தஞ்சாவூர் சாலைச் சுங்கச்சாவடியில் காரின் ஃபாஸ்டேக் படிக்கப்படுகிறதே, அதே வகை டேக்தான் இது. உள்ளே பேட்டரி கிடையாது. ரீடர் என்ற படிக்கும் கருவி ஆன்டெனா வழியாக அனுப்பும் அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு, அந்த அலையிலேயே தன் எண்ணை ஏற்றித் திருப்பி அனுப்பும். திறந்த வெளியில் சில மீட்டர் தூரம் எட்டும். ஜிபிஎஸ் இங்கே உதவாது. தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் கிடைக்காது, மூட்டைக்கு மூட்டை பேட்டரி கட்டவும் முடியாது.

வாங்கும்போது முதலில் அலைவரிசையைப் பாருங்கள். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலைக்குப் பயன்படுத்த 2005இல் 865-867 மெகாஹெர்ட்ஸ் திறந்துவிடப்பட்டது. அமெரிக்காவுக்கென்று செய்த ரீடர் 902-928இல் ஓடும், இங்கே அந்தப் பக்கத்தில் செல்போன் சிக்னல் இருக்கிறது, அதனால் மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்க வேண்டாம். ஆன்டெனாவும் டேக்கும்கூட 866ஐ ஒட்டி நன்றாக வேலை செய்பவையாக இருக்கட்டும். ஆன்டெனாவில் வட்ட முனைவாக்கம் (அலை சுழன்றபடி வருவது) உள்ளதையே கேளுங்கள். நேர் முனைவாக்கம் (அலை ஒரே திசையில் அதிர்வது) தூரம் அதிகம் எட்டும்தான், ஆனால் லோடுமேன் தலையில் ஒரு தடவை, முதுகில் ஒரு தடவை என்று மூட்டையை எப்படி வேண்டுமானாலும் தூக்குவார், டேக் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் படிக்க வேண்டும்.

டேக்கை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும், உலோகம் மறைக்கும். விதை நெல் 13 சதவீத ஈரப்பதத்துக்குள் காய்ந்திருப்பதால் நமக்குக் கொஞ்சம் சாதகம், ஆனால் தூக்குகிறவரின் உடம்பே பெரும்பாலும் தண்ணீர்தானே, டேக் அவர் முதுகுக்கும் மூட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் ரீடருக்கு அது இல்லாத மாதிரிதான். சாக்கின் பக்கவாட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள். மூட்டையின் வாயைத் தைக்கும்போது தையலில் சேர்த்துப் பிடித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கொடி மாதிரி விடுங்கள். நெல்லிலிருந்து அந்தச் சின்ன இடைவெளி கிடைத்தாலே படிக்கும் தூரம் நன்றாகக் கூடும். பசையை நம்பவும் கூடாது, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் எந்த ஸ்டிக்கரும் சாக்கில் நிற்காது.

டேக்கில் 96 பிட் எண் ஒன்று எழுதலாம். வெறும் வரிசை எண்ணை மட்டும் எழுதுங்கள், ரகம், லாட் (விதைத் தொகுதி), விவசாயி பெயர் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கட்டும், டேக்கை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சரி, இடம் கண்டுபிடிப்பது. குடோன் முழுக்க ஆன்டெனா மாட்டி ஒவ்வொரு மூட்டையும் எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று பார்க்க நினைப்பவர்கள் உண்டு. தகரக் கூரை, இரும்புத் தூண், ஈரத் தரை எல்லாவற்றிலும் அலை பட்டுத் திரும்பும், பத்தடி தள்ளி இருக்கிற மூட்டை பக்கத்தில் இருப்பதுபோல் பலமாகக் கேட்கும், பக்கத்து மூட்டை கேட்காமலே போகும். மூட்டை கண்டிப்பாகக் கடந்தே ஆக வேண்டிய வாசல்கள் எவை என்று பாருங்கள், ஆன்டெனாவை அங்கே மட்டும் வையுங்கள். கடைசியாக எந்த வாசலை எந்தத் திசையில் கடந்தது என்று தெரிந்தால், இப்போது எந்த அறையில் இருக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

திசை தெரிய ஒரு வாசலுக்கு இரண்டு ஆன்டெனா வேண்டும், ஒன்று வெளிப்பக்கம் பார்த்து, இன்னொன்று உள்பக்கம் பார்த்து, நடுவே ஏறக்குறைய இரண்டு மீட்டர் இடைவெளி. மூட்டை நெருங்க நெருங்க சிக்னல் ஏறும், தாண்டியதும் இறங்கும். எந்த ஆன்டெனாவில் உச்சம் முதலில் வந்தது என்பதுதான் திசை. முதலில் படித்தது எது என்று மட்டும் பார்க்காதீர்கள், சுவரில் பட்டு வந்த அலை உள் ஆன்டெனாவுக்கு முந்திக்கொண்டு போய்விடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செட்டிங் இருக்கிறது. ரீடரில் செஷன் என்று நான்கு வகை, எஸ்0 முதல் எஸ்3 வரை. எஸ்2, எஸ்3 இரண்டும் இருப்புக் கணக்கு எடுப்பதற்கு, அதில் ஒரு தடவை பதில் சொன்ன டேக் அப்புறம் சிறிது நேரம் வாயை மூடிக்கொள்ளும். நகர்வதைப் பார்க்கும் நமக்கு அது திரும்பத் திரும்பப் பேச வேண்டும், அப்போதுதான் ஏற்றமும் இறக்கமும் தெரியும். எஸ்0 வையுங்கள். கூடவே பவரைக் குறைத்து, வாசலை ஒட்டி அட்டி போடாமல் மூன்று நான்கு மீட்டர் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் சும்மா கிடக்கிற மூட்டைகள் ரீடரின் நேரத்தையெல்லாம் தின்றுவிடும், நடந்து போகிற மூட்டைக்கு இரண்டு படிப்புகூட மிஞ்சாது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே அளவில் கேட்டுக்கொண்டிருக்கும் டேக்கை மென்பொருளில் ஒதுக்கிவிடலாம்.

லாரி முழுக்க ஏற்றிய பிறகு மொத்தமாகப் படித்துக்கொள்ளலாம் என்று விற்பவர்கள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் இருக்கும் மூட்டையின் டேக்கை அலை எட்டவே எட்டாது. லோடுமேன் ஒவ்வொன்றாகத் தூக்கிவரும் பாதையில், வண்டிக்கு முன்னால் படியுங்கள். அந்த வண்டிக்கு உரியதல்லாத லாட் வந்தால் மணி அடிக்கட்டும், மூட்டை அவர் தோளில் இருக்கும்போதே திருப்பிவிடலாம்.

கன்வேயர் பெல்ட் இருந்தால் கூடுதல் துல்லியம் கிடைக்கும். பல ரீடர்கள் சிக்னலின் பலத்தோடு அதன் கட்டத்தையும் (ஃபேஸ், அதாவது திரும்பி வந்த அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்) சொல்லும். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர், போய்த் திரும்பும் தூரம் என்பதால் டேக் சுமார் 17 சென்டிமீட்டர் நெருங்கினால் கட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். மூட்டை வரும்போது ஒரு பக்கம் சுற்றி, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே வந்ததும் நின்று, மறுபக்கம் திரும்பும். அந்தத் திருப்பம் நடந்த நேரமும் பெல்ட் வேகமும் தெரிந்தால், ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு மூட்டையில் எது முன்னால் என்று சொல்லிவிடலாம். அலைவரிசை அடிக்கடி தாவினால் கட்டமும் தாவும், ஆகவே ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

அறைக்குள் எந்த அட்டி என்று தெரிய, ஒவ்வொரு அட்டிக்கும் மேலேயும் பக்கத்திலும் இடம் தெரிந்த டேக் சிலவற்றை மரச் சட்டத்தில் மாட்டிவிட்டு, கை ரீடரோடு வாரம் ஒருமுறை நடந்து வாருங்கள். தேடும் மூட்டையின் சிக்னல் ஏறி இறங்குவது எந்த அடையாள டேக்கோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் அதன் அட்டி. 2003இல் வெளியான லேண்ட்மார்க் என்ற இடம் கண்டுபிடிக்கும் முறை பற்றிய ஆய்வு பேட்டரி டேக்குகளை வைத்து இந்த யோசனையைச் சொன்னது, நம் வேலைக்கும் அது பொருந்துகிறது. அட்டியின் அடியில் நடுவே கிடக்கும் மூட்டை இதில் சிக்காது, அதற்கு அடுக்கும்போதே பதிவு எடுப்பதுதான் வழி.

ஆன்டெனா கேபிள் குட்டையாக இருக்கட்டும், நீளம் கூடினால் சிக்னல் கரையும். நெல் குடோனில் எலி இல்லாமல் இருக்காது, கேபிளைப் பைப்புக்குள் விடுங்கள். ரீடருக்கும் கம்ப்யூட்டருக்கும் யூபிஎஸ் வேண்டும், கரண்டு போன பத்து நிமிடத்தில் கடந்த மூட்டைகள்தான் பிறகு எங்கே என்று தெரியாமல் போகும்.

எல்லாம் மாட்டியதும் சித்திரையிலேயே சோதனை செய்துவிடுங்கள். மெதுவாக நடந்து, ஓடி, இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு, வாசல்வரை வந்து திரும்பிப் போய், டேக்கை வேண்டுமென்றே உடம்புப் பக்கம் திருப்பி என்று எல்லா விதமாகவும் தூக்கச் சொல்லுங்கள். மூட்டை தூக்குகிறவர்களிடமே எப்படித் தூக்குவது வசதி என்று கேட்டு அதற்கேற்ப ஆன்டெனாவின் உயரத்தை மாற்றுங்கள், அவர்கள் தூக்கும் விதத்தை மாற்றச் சொல்ல வேண்டாம்.