பழைய கேம் பிரியரிடம் ‘ரெடி ப்ளேயர் ஒன்’ நாவலைக் கொடுப்பது எப்படி

எர்னஸ்ட் க்ளைன் எழுதிய ‘ரெடி ப்ளேயர் ஒன்’ 2011இல் வந்தது. “எண்பதுகளின் கேம் எல்லாம் இதில் இருக்கு, உனக்குப் பிடிக்கும்” என்று சொல்லி இதைக் கையில் திணித்தால் பலர் ஐம்பது பக்கத்துக்குள் மூடிவைத்துவிடுவார்கள். காரணம் நாவலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதல் ஆறேழு அத்தியாயங்களில் உலகம் எப்படிக் கெட்டது, ஓயாசிஸ் என்ற மெய்நிகர் உலகம் எப்படி இயங்குகிறது, அதை உருவாக்கிய ஹாலிடே யார் என்று விளக்கம் அடுக்கப்படுகிறது. நடுநடுவே கேம், படம், பாட்டு என்று பெயர்ப் பட்டியல் வேறு. பெயரை மட்டும் கேள்விப்பட்டவருக்கு அது வெறும் பட்டியல். அந்த ஆட்டத்தை ஒருமுறையாவது ஆடித் தோற்றவருக்கு அந்தப் பெயரே ஒரு காட்சி. அதனால் வாசிப்புக்கு முன் கைக்குப் பழக்கம் வேண்டும். புத்தகத்தைக் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஆளைப் பாருங்கள். “பழைய கேம்” என்றதும் அவர் மனதில் எது வருகிறது? மரியோ, கான்ட்ரா, சோனிக் என்றால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த நாவலின் உயிர் நிண்டெண்டோவில் இல்லை. டிவியோடு இணைத்து ஆடும் அடாரி 2600, காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிகள், டேப்பில் ஏற்றும் வீட்டுக் கணினிகள் என்று அதற்கு முந்தைய தலைமுறையில் இருக்கிறது. தனக்குப் பழகிய கேம்களை எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறப்பவர் ஏமாந்துபோவார். ஆனால் ஒரு கேமை அக்கக்காகப் பிரித்து, அதன் பிழைகளையும் ஒளிவறைகளையும் தேடுகிற குணம் அவருக்கு இருந்தால் எந்தத் தலைமுறைக்காரராக இருந்தாலும் கொடுக்கலாம். கிராஃபிக்ஸ் நினைவுக்காக மட்டும் பழையதை ஆடுபவருக்கு இது அவ்வளவாக ஒட்டாது.

அடுத்தது ஆட்ட வரிசை. நாவலில் வரும் கேம்களை மட்டும் ஆடவைத்தால், “ஓ, அடுத்து இதுதான் வரப்போகிறது” என்று அவர் ஊகித்துவிடுவார். புதிரின் சுவை போய்விடும். அதனால் வேறு கேம்களையும் கலந்து ஒரு பத்து கேம் கொடுங்கள். அட்வென்ச்சர், பேக்-மேன், ஜௌஸ்ட், டெம்பெஸ்ட், ஸோர்க், பிளாக் டைகர், டஞ்சன்ஸ் ஆஃப் டாகராத் ஆகியவற்றோடு கேலகா, டிக் டக், மிசைல் கமாண்ட் போன்றவற்றையும் சேருங்கள். எது எங்கே வரும், எது வெறும் கலப்பு என்று வாயைத் திறக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் போதும். ஜெயிக்க வேண்டியதில்லை. எப்படித் தோற்கிறோம் என்று தெரிந்தாலே போதும்.

அட்வென்ச்சருக்கு மட்டும் ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். 0000 என்று எண்ணிட்ட முன்னுரைப் பகுதியே இந்த கேமின் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறது. அதற்கு முன் அவர் கையாலேயே அதைக் கண்டுபிடித்திருந்தால் நாவல் முழுக்க அவருடையதாகிவிடும். 1980இல் அடாரி 2600க்கு வந்த கேம் இது, கார்ட்ரிட்ஜ் அளவு 4 கேபி. அந்நாளில் அடாரி தன் கேம்களை எழுதியவர்களின் பெயரைப் போடுவதில்லை. அதனால் இதை எழுதிய வாரன் ராபினெட் தன் பெயரை ஓர் ஒளிவறைக்குள் எழுதிவைத்தார்.

அங்கே போகும் வழி இது. இரண்டாம் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புச் சாவியால் கறுப்புக் கோட்டையைத் திறந்துவிட்டு, பாலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே உள்ள புதிர்வழிக்குள் செல்லுங்கள். நாலாபுறமும் அடைத்த ஒரு சின்ன அறை வரும். சுவருக்குக் குறுக்கே பாலத்தை வைத்துத்தான் அதற்குள் போக முடியும். அங்கே ஒரே ஒரு புள்ளி கிடக்கிறது. அதன் நிறமும் தரையின் நிறமும் ஒரே சாம்பல், அதனால் கண்ணுக்குத் தெரியாது. அறையின் கீழ்ச்சுவரை ஒட்டி மெதுவாக நகர்ந்து பாருங்கள். பொருளை எடுக்கும் சத்தம் கேட்டால் கிடைத்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் சுமக்க முடியும் என்பதால் வழியில் வேறு எதையும் தொடாதீர்கள், தொட்டால் புள்ளி கைவிட்டுப் போகும். புள்ளியோடு மஞ்சள் கோட்டைக்கு வந்து, அதற்குக் கீழே உள்ள அறைக்குப் போய், அங்கிருந்து வலப்பக்க அறைக்குச் செல்லுங்கள். ஓரத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று இருக்கும். புள்ளியை அங்கே போட்டுவிட்டு, வேறு இரண்டு பொருட்களையும் கொண்டுவந்து அதே அறையில் போடுங்கள். ஒரே திரையில் இரண்டு பொருளுக்கு மேல் வந்தால் இந்த கேமால் ஒழுங்காகக் காட்ட முடியாது, எல்லாம் மினுக்கத் தொடங்கும். கோடும் மினுக்கும். அப்போது வலப்பக்கமாக முட்டினால் உள்ளே போய்விடலாம்.

பெரும்பாலும் சொதப்புவது வௌவாலால்தான். எங்கிருந்தோ பறந்து வந்து பாலத்தைத் தூக்கிக்கொண்டு, பதிலுக்கு எதையாவது போட்டுவிட்டுப் போகும். எரிச்சலாகத்தான் இருக்கும். எமுலேட்டரில் (பழைய கேமை இன்றைய கருவியில் ஓட்டும் மென்பொருள்) ஆட்டத்தை நடுவிலேயே சேமிக்கும் சேவ் ஸ்டேட் இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்த வேண்டாம். அந்த எரிச்சலோடு உள்ளே நுழைந்து பெயரைப் பார்ப்பதுதான் நாவலைப் புரிந்துகொள்ளும் வழி.

பேக்-மேனில் ஒரே ஒரு விஷயத்தைப் பழக்கினால் போதும். மூலைக்குச் சற்று முன்பே திரும்பும் திசையை அழுத்த வேண்டும். அப்படிச் செய்தால் பேக்-மேன் மூலையை வெட்டித் திரும்பும், பேய்களால் அது முடியாது. ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அனலாக் ஸ்டிக் வேண்டாம், டி-பேட் (கன்ட்ரோலரில் உள்ள நான்கு திசைப் பட்டன்) பயன்படுத்துங்கள். இது நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்கு எழுதிய கேம். ஸ்டிக் குறுக்காகச் சாய்ந்தால் திருப்பம் தவறிப் பேயின் வாயில்தான் போய் விழ வேண்டும். கூடவே இந்த எண்ணையும் சொல்லிவையுங்கள்: 33,33,360. குறையே இல்லாத ஆட்டத்தின் அதிகபட்ச ஸ்கோர் அது. ஓர் உயிரும் இழக்காமல் 255 நிலைகளிலும் எல்லாப் புள்ளிகள், பழங்கள், நீலமாகும் ஒவ்வொரு முறையும் நான்கு பேய்கள் என்று அத்தனையையும் தின்றால்தான் கிடைக்கும். 256ஆம் நிலையில் திரையின் வலப் பாதி எழுத்துக் குப்பையாகிவிடும். நிலையின் எண் ஒரே பைட்டில் சேமிக்கப்படுகிறது, அதில் 255க்கு மேல் இடமில்லை. பழங்களை வரையும் பகுதி அங்கே கணக்குத் தவறி, வரையக்கூடாத இடத்தில் எல்லாம் வரைந்துவிடுகிறது.

1982இல் வந்த ஜௌஸ்ட், பறவை மேல் ஏறிப் பறந்து ஈட்டியோடு மோதும் ஆட்டம். அதில் புதியவர்கள் பறக்கும் பட்டனை ஓயாமல் தட்டுவார்கள். கூரையில் முட்டிக் கட்டுப்பாடு போய்விடும். எதிரியோடு மோதும் கணத்தில் யாருடைய ஈட்டி மேலே இருக்கிறதோ அவருக்கே வெற்றி. அதனால் சின்னச் சின்னத் தட்டல்களாக உயரத்தைப் பிடித்து, மேலிருந்து இறங்குவதே முறை. விழும் முட்டையை உடனே எடுக்காவிட்டால் அது பொரிந்து அடுத்த எதிரியாகிவிடும்.

டெம்பெஸ்ட்டை (1981) கீபோர்டில் ஆடவைத்தால் அதை வெறுத்துவிடுவார். அது சுழலும் குமிழுக்கு எழுதிய கேம். ஆர்கேட் கேம்களை ஓட்டும் மேம் (MAME) எமுலேட்டரில் மவுஸை இயக்கி, டயல் இன்புட்டாக ஒதுக்கி, சென்சிட்டிவிட்டியைக் குறைத்துப் பாருங்கள்; கை நகர நகர விளிம்பில் வழுக்கிக்கொண்டு போகும்.

டஞ்சன்ஸ் ஆஃப் டாகராத்தைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். டி.ஆர்.எஸ்-80 கலர் கம்ப்யூட்டருக்கு வந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆட வேண்டும், ஆனால் நேரம் நமக்காக நிற்காது. உயிர் அளவுக்குப் பட்டை கிடையாது, இதயத் துடிப்பு மட்டும்தான். ஓடினாலும் அடி வாங்கினாலும் துடிப்பு வேகமாகும், மீறினால் மயக்கம். பையிலிருந்து தீப்பந்தத்தை வலக்கையில் எடுத்துக் கொளுத்துவதே முதல் வேலை. மறந்தால் திரை இருட்டாகவே இருக்கும், பலர் கேம் பழுது என்று நினைத்து மூடிவிடுவார்கள். ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஸோர்க்கிலும் கிட்டத்தட்ட இதே கதை: விளக்கை ஏற்றாமல் நிலவறையில் நடந்தால் இருட்டில் இருப்பது தின்றுவிடும்.

டிவியில் ஆடுவதானால் கேம் மோடை இயக்குங்கள். இல்லையென்றால் படத்தை மெருகேற்றுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பட்டன் தாமதமாகும். திரை விகிதம் 4:3. இழுத்து அகலமாக்க வேண்டாம்.

இனி புத்தகம். கொடுக்கும்போது பெயர்களை அடுக்காதீர்கள். “அட்வென்ச்சர்ல அந்தப் புள்ளியை எடுத்தேல்ல? ஒருத்தன் தன் சொத்து மொத்தத்தையும் அந்த மாதிரி ஒரு இடத்துல ஒளிச்சுவச்சுட்டுச் செத்துப்போயிடுறான். உலகமே தேடுது” என்று சொன்னால் போதும். முன்னுரைப் பகுதியை உங்கள் முன்னாலேயே படிக்கவையுங்கள். பிறகு, “‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கல்லறையைத் தேடிப் போகும் இடம் வரைக்கும் விடாதே” என்று ஓர் எல்லை வையுங்கள். அங்கே பிடிக்காவிட்டால் திருப்பித் தரட்டும், வற்புறுத்த வேண்டாம். தெரியாத படப் பெயரோ பாட்டோ வந்தால் தேடாமல் கடந்து போகலாம் என்றும் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் தேடப் போனால் கதையின் ஓட்டம் அறுந்துவிடும். காதல் பகுதி மெலிந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. படிக்க நேரமில்லாதவருக்கு நடிகர் வில் வீட்டன் வாசித்த ஆடியோ புத்தகம் நன்றாக இருக்கும்.

2018இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தை முன்னால் பார்க்க விடாதீர்கள். சவால்களே வேறு, படத்தில் முதல் சவால் கார்ப் பந்தயம். படம் பார்த்தவர் நாவலின் பொறுமையான புதிர்களை மந்தம் என்பார். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தையும் உடனே நீட்ட வேண்டாம். அதில் பழைய கேம்களைவிடப் படங்களும் இசையும்தான் அதிகம்.

அவர் கடைசிப் பக்கத்தை மூடிய பிறகு ஒரு தகவல் பாக்கி. க்ளைன் இந்த நாவலுக்குள்ளேயே நிஜமாக ஒரு தடயத்தை ஒளித்துவைத்துப் போட்டி நடத்தினார், பரிசு ஒரு டிலோரியன் கார். 2012இல் அதை வென்றவர் ஜௌஸ்ட்டில் உலக சாதனை படைத்துத்தான் வென்றார். இதைச் சொல்லிவிட்டு இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து நீட்டுங்கள், ஜௌஸ்ட் இருவர் ஆடும் ஆட்டம்.