ஆவுளியா எதிர்ப்பட்டால் என்ஜினைப் போடாதீர்கள்: ராமநாதபுரம் கடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இந்தக் கடலில் பாய் விரித்துப் போகிறவர்களுக்கு விநோதமான உயிரினம் எதிர்ப்படுவது அதிசயமில்லை. ஓங்கில் (டால்பின்) கூட்டம் படகின் முன்பக்கமான அணியத்தை ஒட்டியே நீந்தி வரும், ஆமை தலை நீட்டும், நேரம் கூடி வந்தால் ஆவுளியாவும் தெரியும். பார்த்த முதல் சில நிமிடங்களில் நாம் படும் அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

ஆவுளியா என்று மீனவர்கள் சொல்வது கடற்பசுவைத்தான். மூக்குத் துளைகள் மட்டும் நீருக்கு மேலே திறக்கும், ‘புஸ்’ என்று ஒரு மூச்சு, பழுப்பு முதுகு லேசாக வளையும், உள்ளே போய்விடும். முதுகுத் துடுப்பு தெரிந்தால் அது ஓங்கில். ஆவுளியாவுக்கு அது கிடையாது. மறுபடி மேலே வரச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் படகில் யாராவது ஒருவர் என்ஜினைப் போடச் சொல்வார். துரத்தினால் அது மூச்சை முழுதாக எடுக்காமலே முங்கும். குட்டி கூட இருந்தால் தாயை விட்டுப் பிரியும். ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே குட்டி போடும், அடுத்ததற்குச் சில வருஷங்கள் பிடிக்கும். அதனால் இங்கே ஒரு குட்டி சாவது சின்ன இழப்பு இல்லை.

“நம்முடையது பாய்ப் படகு, சத்தமே இல்லை, கிட்டப் போகலாம்” என்பது இன்னொரு தப்புக் கணக்கு. சத்தமில்லாத படகு வருவது மூச்சுவிட மேலே வரும் விலங்குக்குத் தெரியாமல் போகலாம். பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து, படகை விலக்கி நிறுத்திப் பாருங்கள். நின்று பார்க்கலாம் என்று கடல் தாழை என்னும் கடற்புல் மேல் நங்கூரத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் சாப்பாடே அந்தப் புல்தான். நங்கூரம் இழுபட்டால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

அம்மணி உழுவை, அதாவது புள்ளி போட்ட திமிங்கிலச் சுறா, மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்பது, ஆளைக் கடிக்காது. அதற்காகப் பக்கத்தில் குதித்து நீந்தினால் வாலடி படலாம். அது போகும் பாதையைப் படகால் மறிப்பதும் கூடாது.

எனக்குக் கவலை தருவது கடல் பாம்பு விஷயம். “வாய் சின்னது, கடிக்காது” என்று சொல்லிக்கொண்டு வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. துடுப்பு போலத் தட்டையான வால் கொண்ட இந்தப் பாம்புகளில் பலவற்றுக்குக் கொடிய நஞ்சு. கடிபட்ட இடத்தில் வலியே தெரியாமல் இருக்கலாம். பிறகுதான் உடம்பெல்லாம் தசை வலிக்கும், தாடை இறுகும், சிறுநீர் கறுக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. கடல் பாம்புக்கானது அல்ல. ஆகவே வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்துக் கரைக்குத் திரும்பி, மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் சிகிச்சை தரக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்கே தாராளமாக என்ஜினைப் போடலாம்.

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்ட இடத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதும் மணல் போட்டுத் தேய்ப்பதும் ஒட்டியிருக்கும் கொட்டும் அணுக்களை இன்னும் வெடிக்க வைக்கும். கடல் நீராலேயே கழுவுங்கள். கரையில் செத்துக் கிடக்கும் சொறியும் கொட்டும். திருக்கை முள் குத்தினால் வைத்தியம் வேறு: பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும், ஆழமான குத்து என்றால் ஆஸ்பத்திரிதான். முள் உள்ளே முறிந்து நின்றால் பிடுங்காதீர்கள்.

தீவு அழகாக இருக்கிறதே என்று இறங்குவதும் தவறு. 1986 முதல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. தீவுகளைச் சுற்றிக் கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் (ஒரு பாகம் ஆறு அடி), கடல்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரையுள்ள கடலும் அதில் சேர்த்தி. குருசடைத் தீவு பார்க்க ஆசையென்றால் பாம்பன் பக்கத்துக் குந்துகாலில் வனத்துறைப் படகில் ஏறுவதுதான் வழி. கடல் அட்டை, கடல் குதிரை எதையும் பையில் போடக் கூடாது. கடல் அட்டைக்கு 2001 முதல் தடை. கூம்பு வடிவச் சங்கு அழகுக்காகக் கையில் எடுக்கப்படுவது. உயிரோடிருந்தால் நஞ்சு முள்ளால் குத்தும், சில இனங்களால் உயிரே போகும்.

கரை ஒதுங்கிய விலங்கை உடனே கடலுக்குள் தள்ளிவிடும் பழக்கமும் உதவாது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலங்களை உள்ளே இழுத்து விட்டும் பல மறுபடி கரைக்கே வந்தன. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். ஈரத்துணி போட்டு நிழல் கொடுங்கள், மூச்சுத் துளையில் துணியோ தண்ணீரோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். நடுக்கடலில் ஆளுக்கே ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. எந்த இடம் என்பதை ஜிபிஎஸ் பார்த்துச் சொல்லுங்கள். “மண்டபத்துக்குத் தெக்கே” என்று மட்டும் சொன்னால் தேடி வருகிறவருக்கு அரை நாள் போய்விடும்.