சட்டப் படிப்பு முடிகிறதா? கடன் தவணைக்கு முன் கவனிக்க

காட்பாடி அரசு சட்டக் கல்லூரியிலோ வேறு எங்கோ படித்துவிட்டு, வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் ஜூனியர் வழக்கறிஞராகச் சேரப் போகிறவர்களுக்கு இது. கல்விக் கடன் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கிவிடும். ஜூனியருக்கு அதற்குள் கையில் பெரிதாகக் காசு வராது. அதனால் படிக்கும்போதே மாதா மாதம் வட்டியை மட்டுமாவது கட்டி வாருங்கள். இல்லையென்றால் அதுவும் அசலோடு சேர்ந்துகொள்ளும்.

ரிசல்ட் வந்ததும் பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்வதைத் தள்ளிப் போடாதீர்கள். சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அது கணக்காகும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2024 தீர்ப்பு. இதற்கென்று கூடுதலாகக் கடன் வாங்கத் தேவையில்லை.

அப்புறம் சம்பளம். ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாய் தரலாம் என்று இந்திய பார் கவுன்சில் 2024-ல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஆனாலும் சீனியரிடம் சேரும் முன்பே கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். தவணை எட்டாது என்று தெரிந்தால், தவறவிடும் முன்பே வங்கி மேலாளரிடம் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். தவறிய பிறகு போனால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் ஏற்கெனவே இறங்கியிருக்கும்.